பன்னிரண்டில் ஒருத்தி

கொலை வழக்கு ஒன்றில் ஜூரியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னதுமே, கேட்பவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்வார். அடுத்து என்ன கேட்பார் என்பது எனக்கு மனப்பாடம். "ஆள் செஞ்சானா இல்லையா? நீங்க என்ன சொன்னீங்க?"

அதற்கான பதில் இந்தப் பதிவில் கிடையாது. எந்த ஊர், எந்த வருடம், யார் இறந்தார் என்பதும் கிடையாது. தீர்ப்பு எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டதுதான், அதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொன்னால் வழக்கைத் தேடிப் பிடித்துவிடலாம். தேடினால் இரண்டு குடும்பங்களின் பெயர் வந்து நிற்கும். அவர்கள் பட்டது போதும். இதையெல்லாம் விட்டுவிட்டால் எழுத என்ன மிஞ்சும் என்று முதலில் எனக்கே சந்தேகம். எழுத எழுதத் தெரிந்தது: தீர்ப்பு எந்தப் பக்கம் போயிருந்தாலும் நான் எழுதியிருக்கக்கூடியது இதே பதிவைத்தான்.

நம்மில் பலருக்கு ஜூரி என்றால் ஆங்கிலப் படக் காட்சிதான். சாதாரணக் குடிமக்கள் சிலரை உட்காரவைத்து, சாட்சியத்தைக் கேட்கவைத்து, குற்றவாளியா இல்லையா என்று அவர்களையே சொல்லவைக்கும் முறை அது. இந்தியாவில் அந்த முறை வழக்கொழிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் "குற்றவாளி அல்ல" என்று சொன்னது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே தீர்ப்பு தலைகீழானது. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று. இலங்கையில் சட்டப்படி இன்னும் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு இருந்தாலும் தீர்ப்பு செல்லும். நான் உட்கார்ந்த இடத்தில் பன்னிரண்டு பேர்.

தபாலில் கடிதம் வந்தது, போனேன், ஒரு பெரிய அறையில் காத்திருந்தேன், என் எண்ணைக் கூப்பிட்டார்கள். அந்தப் பகுதி அவ்வளவுதான். குற்றச்சாட்டை வாசித்தபோது "கொலை" என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் வரிசையில் ஒரு சின்ன அசைவு. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவருக்குச் சளி பிடிக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

நீதிமன்றத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து கேள்வி கேட்கிறார், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கிறார், எழுத்தர் குறித்துக்கொள்கிறார், நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எதையோ புரட்டுகிறார். இவர்கள் எல்லோரும் இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்து, படித்து, பழகி வந்தவர்கள். ஜூரருக்கு உள்ள ஒரே வேலை கவனிப்பது. குறுக்கே பேசக் கூடாது. முகத்தில் எதையும் காட்டக் கூடாது. அழுதால் ஒரு தரப்புக்கு அது சாதகமாகப் போய்விடும், எனவே அழக் கூடாது. எழுந்து வெளியே போக முடியாது. உடம்பு ஓடு என்கிறது, சட்டம் உட்கார் என்கிறது. பார்த்ததை விடவும் அப்படி உட்கார்ந்து பார்க்க நேர்ந்ததுதான் உடம்பில் தங்கிப்போனது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் வந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நிபுணர்கள் சாட்சி சொல்லும்போது கேள்வி கேட்பவரைப் பார்த்துப் பேசுவதில்லை. கேள்வியை வழக்கறிஞரிடம் வாங்கி, பதிலை ஜூரி பக்கம் திரும்பிச் சொல்கிறார்கள். பழகிய நளினத்தோடு, வகுப்பு எடுப்பதுபோல நிதானமாக. காயம் எண் ஒன்று, இத்தனை சென்டிமீட்டர் நீளம், இந்தக் கோணம். ஒவ்வொரு படத்திலும் காயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அளவுகோல். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது மாதிரியான ஒன்று. அந்த அளவுகோல்தான் என்னை ஏதோ செய்தது. கையில் இருந்த காயங்களைக் காட்டி, தடுக்க முயன்றபோது ஏற்பட்டவை என்றார். அதாவது அந்த நபருக்கு நடப்பது தெரிந்திருக்கிறது. மருத்துவர் அதைச் சொல்லவில்லை. சொல்வது அவர் வேலையும் இல்லை. அந்த வாக்கியத்தைப் பன்னிரண்டு பேரும் தனித்தனியாக, மனசுக்குள் சொல்லிக்கொண்டோம் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும், கேட்டதில்லை.

இன்னொரு நாள், அவசர உதவிக்கு வந்த அழைப்பின் ஒலிப்பதிவு. கையில் எழுத்துப்படி கொடுத்தார்கள். நீதிபதி விளக்கினார்: ஒலிப்பதிவுதான் சாட்சியம், தாள் வெறும் துணைக்கு, இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தால் உங்கள் காதில் கேட்டதை நம்புங்கள். அதனால் உற்றுக் கேட்டோம். ஒருமுறை முழுதாக. பிறகு இந்த நொடியிலிருந்து அந்த நொடி வரை, எதிர்த்தரப்பு கேட்டதால் மறுபடியும், பின்னணியில் கேட்பது கதவா நாற்காலியா என்பதற்காக இன்னொரு முறை. தாளில் அடைப்புக்குறிக்குள் "தெளிவில்லை" என்று போட்டிருந்த இடத்தில் என் காதுக்குத் தெளிவாகவே ஒரு சொல் கேட்டது. அது என்ன சொல் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுத் தொலைபேசி அடித்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சொல்தான்.

சான்றுப் பொருள்களைக் கையில் கொடுப்பார்கள் என்பதும் எனக்கு முன்னால் தெரியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு முத்திரை வைத்த ஒரு சட்டை. கையிலிருந்து கைக்கு மாறி வந்தது. எதிர்பார்த்ததை விட எடை குறைவாக இருந்தது.

பார்வையாளர் இருக்கைகளில் ஒரு பக்கம் இறந்தவரின் தாய், மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவரின் தாய். ஏறக்குறைய ஒரே வயது. இருவருமே எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், எங்கள் முகத்தில் ஏதாவது கிடைக்குமா என்று. ஒருநாள் இடைவேளையில் மின்தூக்கிக் கதவு திறந்தது. உள்ளே அவர்களில் ஒருவர் தனியாக நின்றிருந்தார். ஜூரர் எந்தத் தரப்பினரோடும் ஒரு வணக்கம்கூடச் சொல்லக் கூடாது. நான் பின்வாங்கிப் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டேன். விதிப்படி சரியான செயல். மகனைப் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொல்லப் போகிற ஒருத்தி தன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்குமே என்று இரவெல்லாம் கிடந்து புரண்டேன். போய் விளக்கவும் முடியாது.

வீட்டில் என் கணவர் நல்ல மனிதர். முதல் சில நாள் "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த ஒரு ராத்திரி, "சொல்லக் கூடாதுன்னா சொல்ல வேணாம். டிவியை நிறுத்திட்டு இங்க வந்து உட்காரு" என்றார். போய் உட்கார்ந்தேன். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், அதைச் சொன்னால் வழக்கே கெட்டுப்போகும் என்ற நினைப்பு நடுவில் ஒரு மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. சட்டத்துக்காகப் பழகிக்கொண்டேன். பழகியது பிறகு சுலபமாகப் போகவில்லை. இப்போதும் ஏதாவது கேட்டால் என் வாயில் முதலில் வருவது "ஒண்ணுமில்ல"தான்.

விசாரணை நடக்கும்போது பேசக் கூடாது என்பது எல்லோருக்கும் புரியும். ஆனால் தீர்ப்புக்காக உள்ளே உட்கார்ந்து பேசியதை எப்போதுமே பேசக் கூடாது என்பதுதான் பல நாடுகளில் சட்டம். இங்கிலாந்தில் ஆலோசனை அறையில் நடந்ததை வெளியே சொன்னால் சிறைத் தண்டனை வரை போகலாம். 2015-ல் வந்த சட்டம் அதை ஜூரி சட்டத்திலேயே தனிக் குற்றமாகச் சேர்த்தது. ஜப்பானில் ஆயுள் முழுக்க வாய் திறக்கக் கூடாது. அமெரிக்காவில் பொதுவாக இந்தக் கட்டுப்பாடு கிடையாது, வழக்கு முடிந்ததும் ஜூரர்கள் தொலைக்காட்சியிலேயே வந்து பேசுகிறார்கள். கனடா நிலைமைதான் எனக்கு ஆச்சரியம். அங்கே குற்றவியல் சட்டத்தின் 649-ஆவது பிரிவு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்றால், ஒரு ஜூரர் மனநல மருத்துவரிடம் போய் உட்கார்ந்தால்கூட அந்த அறையில் நடந்ததைச் சொல்ல முடியாது. தூக்கம் வரவில்லை என்று சொல்லலாம், ஏன் என்பதில் பாதியை விழுங்கிவிட வேண்டும். முன்னாள் ஜூரர்கள் நாடாளுமன்றக் குழு முன் போய்த் தங்கள் நிலையைச் சொல்ல, 2018-ல் அந்தக் குழு அறிக்கை கொடுக்க, கடைசியில் 2022-ல்தான் மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் சொல்லலாம் என்று திருத்தினார்கள்.

ரகசியம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்ற பயமில்லாமல் ஒருவர் "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்ல முடிந்தால்தான் அந்த அறைக்கு அர்த்தம். ஆனால் அதைக் கட்டிக்காப்பதன் விலையைப் பன்னிரண்டு தனி ஆட்களின் தலையில் கட்டிவிட்டு, நீதிமன்றம் கைகழுவிக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

எனவே எங்கள் அறையில் நடந்ததை நான் எழுத மாட்டேன். அங்கே ஒரு நீள மேசை இருந்தது. கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதற்கு மேல் வேண்டாம்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது ஒரு பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன். நீதிபதி எங்களுக்கு நன்றி சொன்னார். உண்மையாகவே சொன்னார், அவர் முகத்தில் தெரிந்தது. பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தார்கள். வாகன நிறுத்தத்தில் பன்னிரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றோம். வாரக்கணக்கில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவர்கள். பாதிப் பேரின் முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒருவர் கையை நீட்டினார், குலுக்கினோம். மறுநாள் காலை நான் அலுவலகத்தில், குவிந்து கிடந்த கணக்குகளுக்கு முன்னால். பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார், "லீவு நல்லா போச்சா?"

அதன்பின் வந்தவை பெரும்பாலும் அற்ப விஷயங்கள். வெளிக்கதவைப் பூட்டிவிட்டு, படுத்தபின் எழுந்து போய் மறுபடி இழுத்துப் பார்ப்பது. சமையலறையில் கத்திகள் வெளியே தெரியாதபடி இழுப்பறைக்குள் தள்ளிவைப்பது. தூங்கும் மகனின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது. அவன் கல்லூரிக்குப் போகிற வயது. கொலைக் கதை சொல்லும் நிகழ்ச்சிகளை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான் நான். இப்போது யாராவது அவற்றைப் பற்றிச் சுவாரஸ்யமாகப் பேசினால் எழுந்து போய்விடுகிறேன். கோபம்கூட இல்லை. அந்த அளவுகோல் ஞாபகம் வருகிறது.

இதற்கெல்லாம் யாரிடமாவது போகலாமே என்று என் தங்கை சொன்னபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: எனக்கு என்ன நடந்தது என்று போவது? செத்தது என் பிள்ளையா? சிறைக்குப் போகும் அபாயத்தில் இருந்தது என் தம்பியா? அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவரோரம் நின்று கேட்டவள், அடி வாங்கியது தான்தான் என்று போய்ப் புலம்புவது போல இருந்தது. மற்ற ஜூரர்களும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்தத் தாய்மார்களைப் பார்த்த பிறகு, எனக்கும் வலிக்கிறது என்று சொல்ல வாய் வராது.

மருத்துவமே இதில் கொஞ்சம் தயங்கியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்க்கான வரையறை இருக்கிறது. ஆபத்து தனக்கு நேராவிட்டாலும், கோர விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்பவர்களுக்கும் இது வரலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. உடல் பாகங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களையும், குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும் காவல்துறையினரையும் உதாரணம் காட்டுகிறது. படத்திலும் திரையிலும் பார்த்தது சேராது, வேலை நிமித்தமாகப் பார்த்தால் மட்டும் சேரும் என்கிறது. நான் பார்த்தது எல்லாமே படமும் ஒலிப்பதிவும்தான். ஜூரி கடமை வேலையா? நானாகச் சேரவில்லை, பயிற்சி இல்லை, ராஜினாமாவும் செய்ய முடியாது. அதை வேலை என்று சொல்லாவிட்டால் வேறு என்னவென்று சொல்வது?

ஜப்பானில் ஒரு பெண் இதை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார். அங்கே 2009-லிருந்து கடும் குற்ற வழக்குகளில் மூன்று நீதிபதிகளோடு ஆறு குடிமக்களும் உட்கார்ந்து, தண்டனையையும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள். மரண தண்டனை உட்பட. ஃபுகுஷிமாவில் ஒரு கொலை வழக்கில் அப்படி உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு, சம்பவ இடத்துப் படங்களைப் பார்த்தபின் தீவிர மன உளைச்சல். 2013-ல் அரசின் மீது வழக்குப் போட்டார். 2014-ல் தள்ளுபடியானது. ஆனாலும் அதற்குப் பிறகு அங்கே ரத்தம் தெரியும் வண்ணப் படங்களுக்குப் பதில் கறுப்பு வெள்ளைப் படங்களையோ கோட்டோவியங்களையோ காட்டும் போக்கு வந்தது. இது நல்லதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் படங்களைப் பார்க்காமல் இருந்திருக்கவே விரும்பியிருப்பேன். அதே சமயம், ஒரு மனிதரின் மரணத்தைக் கோட்டோவியமாகப் பார்த்துவிட்டு இன்னொரு மனிதரின் வாழ்நாளைப் பற்றி முடிவு சொல்வதும் எனக்கு உறுத்தியிருக்கும். ஒரே காயத்துக்கு ஆறு படம் வேண்டுமா என்பதை மட்டும் நீதிபதிகள் கறாராகக் கேட்கலாம்.

கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் 2017-லிருந்து ஜூரர்களுக்கு இலவச ஆலோசனை தருகிறார்கள். இங்கிலாந்தில் மிகக் கொடூரமான வழக்கில் உட்கார்ந்தவர்களை இனி வாழ்நாள் முழுக்க ஜூரிக்கு அழைக்க வேண்டாம் என்று நீதிபதி விலக்கு அளிப்பதுண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் பார்த்தாகிவிட்ட பிறகு வரும் சலுகை. சில இடங்களில் தீர்ப்பன்றே எல்லோரையும் உட்காரவைத்து ஒருமுறை பேசவைக்கிறார்கள். பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களை ஒரே ஒரு அமர்வில் இப்படிப் பேசவைப்பது பிந்தைய நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். என் அனுபவமும் அதையே சொல்கிறது: தீர்ப்பன்று எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. எல்லாம் இரண்டு மாதம் கழித்து, ஒரு பல் மருத்துவமனையில் உறை கிழிக்கும் சத்தம் கேட்டபோது வந்தது. கடைசியில் போன ஆலோசகர் முதல் நாளே ஒரு காரியம் செய்தார். தீர்ப்பு என்ன என்று கேட்கவில்லை. அவரிடம் தொடர்ந்து போனதற்கு அதுவே பாதிக் காரணம்.

தவறான தீர்ப்புச் சொன்னதற்காக அரியணையிலேயே உயிர்விட்ட பாண்டிய மன்னன் கதையைப் பள்ளியில் எல்லோரும் படித்தோம். நீதி என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று வாத்தியார் மேசையைத் தட்டிச் சொல்வார். இப்போது அந்தக் கதையில் எனக்கு வேறு ஒன்று கண்ணில் படுகிறது. பாண்டியனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கண்முன்னே கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டினாள், உள்ளிருந்து மாணிக்கம் தெறித்தது, சந்தேகம் தீர்ந்தது. எனக்கு யாரும் எதையும் உடைத்துக் காட்டப் போவதில்லை. குற்றவாளி என்று சொல்லியிருந்தால், நிரபராதி உள்ளே இருக்கிறாரோ என்று ஒரு இரவு. அல்ல என்று சொல்லியிருந்தால், அந்தத் தாய்க்கு என்ன பதில் என்று ஒரு இரவு. நியாயமான சந்தேகம் என்பதைச் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகத் தருகிறது. அவர் தீர்ப்போடு எழுந்து போகும்போது அந்தச் சந்தேகத்தில் மிச்சமிருப்பது ஜூரர்களிடம் தங்கிவிடுகிறது. அன்று எங்கள் முன் இருந்த சாட்சியத்தை வைத்து, எங்கள் அறிவுக்கு எட்டியவரை நேர்மையாக முடிவெடுத்தோம். இதை நான் முழுமனதோடு சொல்வேன். அது சரியா என்பது வேறு கேள்வி, அதற்கு எனக்கு விடை வராது என்பதோடு இருக்கப் பழகுகிறேன்.

அமெரிக்காவில் மரண தண்டனை வழக்குகளில் உட்கார்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜூரர்களை 14 மாநிலங்களில் தேடிப்போய்ப் பேட்டி எடுத்த ஆய்வுத் திட்டம் ஒன்று 1990-களில் நடந்தது. ஜூரர் எப்படி முடிவெடுக்கிறார் என்று அறிய இவ்வளவு உழைத்திருக்கிறார்கள். முடிவெடுத்தவர் அதன்பின் எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் இதே உழைப்பைப் போட்டால் தேவலை.

போன மாதம் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் கூப்பிட்டான். "அக்கா, எனக்கும் ஜூரி லெட்டர் வந்திருக்கு. எப்படித் தப்பிக்கிறது?"

தப்பிக்காதே என்றேன். நம்மைப் போன்ற முகங்கள் அந்த வரிசையில் இல்லாமல் போவது, கூண்டில் நம்மைப் போன்ற முகம் நிற்கும் நாளில் புரியும். ஆனால் சிலதைச் செய்து வை என்றேன். வழக்கு முடிந்த மறுநாளே வேலைக்கு வருவேன் என்று முதலாளியிடம் சொல்லாதே, கொஞ்ச நாள் கேட்டு வாங்கு. வீட்டில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லி வை, கேட்டால் பதில் வராது, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று. படம் காட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால் காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொள், மூச்சை அடக்காதே. முடிந்த பிறகு ஆலோசனை உண்டா, எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று நீதிமன்ற அலுவலரிடம் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள். அப்போது கேட்கக் கூச்சம் இருக்காது, பிறகு இருக்கும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அவ்வளவு மோசமாவா இருக்கும்?"

"உனக்குக் கொலை வழக்குதான் வரும்னு யாரு சொன்னா? முக்கால்வாசிப் பேரை வெளிய காக்கவச்சே அனுப்பிடுவாங்க. கையில ஒரு புஸ்தகம் எடுத்துட்டுப் போ" என்றேன்.